மேசைப் பேச்சால் எதிராளியைத் திசைதிருப்புவது எப்படி: வீட்டில் போக்கர் ஆடுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போக்கரில் பொய் ஆட்டத்தின் ஒரு பங்கு. கையில் உருப்படியாக ஒன்றும் இல்லாமல் பெரிய தொகையைத் தள்ளுவதும் பொய்தான்; அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதே பொய்யை வாயாலும் சொல்லலாம் என்று தெரிந்ததும் பலர் வாய்க்கு வந்ததை அளக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். “ராஜா ஜோடி வச்சிருக்கேன், மரியாதையா ஓடிடு” என்று மிரட்டுவார்கள். எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே கால் செய்து (அதே தொகையைத் தானும் வைத்து), நடுவில் கிடந்த பணம் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போவார்.

ஏன் அப்படி ஆகிறது? பேச்சு ஒருவருடைய மனத்தைப் புரட்டிப் போடுவது மிக அரிது. அவர் ஏற்கெனவே செய்ய ஆசைப்படும் ஒன்றுக்கு ஒரு சாக்குக் கொடுக்க மட்டுமே அதனால் முடியும். உங்கள் சீட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்று துடிப்பவரை மிரட்டி ஃபோல்ட் செய்ய (சீட்டைப் போட்டுவிட்டு விலக) வைக்க முடியாது. அதே ஆளைப் பேசிக் கால் செய்ய வைப்பது சுலபம். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகின்றன. நான் எழுதுவது டெக்சஸ் ஹோல்டம் ஆட்டத்துக்கு: ஆளுக்கு 2 சீட்டு, நடுவில் 5 பொதுச் சீட்டு. ஆட்ட விதிகள் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில், எந்த மேசை

சிங்கப்பூரில் நம்மில் பலர் போக்கர் ஆடுவது வீட்டில்தான். தீபாவளி இரவு, சீனப் புத்தாண்டு விடுமுறை, நண்பர் யாராவது புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் குடிபோன சனிக்கிழமை. 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கும் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்படிப்பட்ட ஆட்டத்தை அனுமதிக்கிறது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஒருவருடைய வீட்டில், நேரில் உட்கார்ந்து ஆட வேண்டும். ஆடுபவர்கள் குடும்பத்தாராகவோ ஒருவரையொருவர் பழகித் தெரிந்தவர்களாகவோ இருக்க வேண்டும். வீட்டுக்காரர் உட்பட யாரும் ஆட்டம் நடத்துவதற்கென்று பங்கு பிடிக்கக் கூடாது. கைப்பேசிச் செயலியில் பணம் வைத்து ஆடுவதற்கு, நண்பர்களோடு ஆடினாலும், இந்த விலக்கு கிடையாது. முன்பின் தெரியாதவர்களைக் கூட்டி உட்காருவதற்கே காசு வாங்கும் வீட்டுக்கு யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். சட்டவிரோத ஆட்டத்தில் உட்கார்ந்து ஆடியவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம்.

சூதாட்டக் கூடத்துக்குப் போய்ப் பழகலாமே என்று சிலர் கேட்பதுண்டு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஒரு நாள் நுழைவுக் கட்டணமே 150 வெள்ளி. 2019-இல்தான் அது 100 வெள்ளியிலிருந்து ஏறியது. வீட்டில் ஆளுக்கு 100 வெள்ளி வைத்து ஆடுபவர் ஒரு சீட்டைத் தொடுவதற்கு முன்பே ஒன்றரை ஆட்டப் பணத்தைத் தோற்றுவிடுகிறார். பேச்சுப் பழக அதைவிடத் தோதான இடம் வீட்டு மேசை. அங்கே அதே ஆறேழு முகங்கள் மாதாமாதம் திரும்பி வரும். நீங்கள் போன மாதம் என்ன சொன்னீர்கள், என்ன காட்டினீர்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். மேசைப் பேச்சின் மூலதனம் அந்த நினைவுதான்.

படி 1: உட்கார்ந்த நிமிடத்திலிருந்து பேசுங்கள்

இரண்டு மணி நேரம் வாயே திறக்காதவர் ஒரு பெரிய கையில் திடீரென்று பேசினால் மேசையே நிமிர்ந்து உட்காரும். என்ன சொன்னார் என்பதை யாரும் கேட்க மாட்டார்கள்; பேசினார் என்பதே சேதி. அதனால் சின்னச் சின்னக் கைகளிலும் பேச வேண்டும். 3 வெள்ளி கிடக்கும் கையில் “இது எனக்குத்தான்” என்று சொல்லுங்கள், ஃபோல்ட் செய்யும்போதும் ஏதாவது சொல்லுங்கள், சீட்டுப் போடுபவரிடம் கோப்பி கேளுங்கள். உங்கள் குரல் அந்த மேசையில் மின்விசிறிச் சத்தம் மாதிரி எப்போதும் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதில் சிரமமான பகுதி, நல்ல கையிலும் வெறும் கையிலும் ஒரே குரலில் பேசுவது. பிளஃப் செய்யும்போது (வெறும் கையோடு பந்தயம் வைத்து மிரட்டும்போது) பெரும்பாலானவர்களுக்கு மூச்சு மேலேறும், வாக்கியம் குட்டையாகும், கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் வரும். பெரிய கை வந்தால் தோள் தளர்ந்து கதை நீளும். இதை மறைக்க நடிப்புத் திறமை தேவையில்லை. ஒரு பழக்கம் போதும்: என்ன சொல்வது என்பதைச் சீட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மூன்று வாக்கியங்களை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். ஒன்று மிரட்டும் வாக்கியம், ஒன்று கேள்வி, ஒன்று ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத பேச்சு. கைக்கடிகாரத்தில் விநாடி முள் முதல் 20-க்குள் இருந்தால் முதலாவது, அடுத்த 20-இல் இரண்டாவது, கடைசி 20-இல் மூன்றாவது. இப்படி ஆடினால் உங்கள் பேச்சிலிருந்து யாரும் எதையும் கறக்க முடியாது, ஏனென்றால் அதற்குள் ஒன்றும் இல்லை. இந்தப் பழக்கம் ஊறிய பிறகு, முக்கியமான ஓரிரு கைகளில் மட்டும் கடிகாரத்தை விட்டுவிட்டு நீங்களே வாக்கியத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யலாம். 2 சீட்டைக் கவிழ்த்து வையுங்கள், கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள், சீட்டைப் பார்த்துவிட்டு அந்த மூன்று வாக்கியங்களையும் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து முறை செய்துவிட்டு, பதிவைப் போட்டுக் கேளுங்கள். எது ஏஸ் ஜோடி, எது 7-2 மாதிரி மட்டமான கை என்று உங்களுக்கே தெரிந்தால் மேசையில் மற்றவர்களுக்கும் தெரியும்.

படி 2: எதிரில் இருப்பவருக்கு என்ன ஆசை என்று பாருங்கள்

மேசையில் சிலர் பணத்துக்காக உட்காருகிறார்கள், சிலர் பொழுதுபோக்க, சிலர் ஏமாந்துவிடக் கூடாது என்ற ஒரே வைராக்கியத்தோடு. இந்த மூன்றாவது வகைதான் பேச்சுக்கு நல்ல விளைநிலம். குடும்ப ஆட்டத்தில் அநேகமாக ஒரு மாமாவோ சித்தப்பாவோ இப்படி இருப்பார். “என்னை யாரும் ஏய்க்க முடியாது” என்பது அவருக்குப் பணத்தைவிடப் பெரிது. அவர் கால் செய்யவே ஆசைப்படுகிறார். அவரிடம் பிளஃப் செய்வது வீண். பெரிய கையோடு பேசுவது லாபம்.

இதற்கு நேர் எதிர், வரவு செலவு பார்த்து ஆடுபவர். சிப்பை நிறம் பிரித்து அடுக்கி வைப்பார், தோற்ற தொகையை வெள்ளியும் காசுமாகச் சொல்வார். அவர் ஃபோல்ட் செய்ய ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறார். கௌரவமான ஒரு காரணத்தைக் கொடுத்தால் போதும்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கணக்கு மட்டுமே பார்ப்பார். அவரிடம் பேசாதீர்கள். அவரிடம் உங்கள் பேச்சு எதையும் விற்காது. உங்களைப் பற்றி மட்டும் சொல்லிக் கொடுக்கும்.

இன்னொருவரிடமும் பேசக் கூடாது: அன்றைக்குத் தாங்க முடியாத அளவுக்குத் தோற்றுக்கொண்டிருப்பவர். கடனுக்குச் சிப் கேட்க ஆரம்பித்துவிட்ட உறவினரைச் சீண்டிப் பேசிக் கால் செய்ய வைப்பது திறமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவரை எழுப்பி உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள். இது அந்த ஒரு இரவோடு நிற்காத விஷயம் என்று தோன்றினால், தேசியப் பிரச்சினைச் சூதாட்ட உதவி எண் 1800-6-668-668.

படி 3: பந்தயம் முதலில், பேச்சு அப்புறம்

சிப்பை நடுவில் வைத்த பிறகே பேசுங்கள். யோசிக்கும்போது பேசினால் உங்கள் தயக்கமும் வெளியே வந்துவிடும். “ம்ம்... 20 வைக்கவா... சரி 15” என்று முனகுவது, கேட்பவருக்குக் கைச்சீட்டைத் திருப்பிக் காட்டுவதற்குச் சமம். நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சொன்னது இந்த மாதிரி இடங்களுக்குத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் முறை வந்தபோது வாயால் “கால்” என்றோ “ரெய்ஸ்” (தொகையை ஏற்றுகிறேன்) என்றோ சொல்லிவிட்டால் அது கட்டுப்படுத்தும். சும்மா பேச்சுக்குச் சொன்னேன் என்று பின்வாங்க முடியாது. பந்தயம் வைத்து முடித்துவிட்டால் இனி முடிவு எதிராளியுடையது. இப்போது உங்கள் வாய் சுதந்திரமாக இருக்கலாம்.

பந்தயம் வைப்பதற்கு முன்பே ஒரு கேள்விக்கு உங்களுக்குள் பதில் இருக்க வேண்டும்: இந்த ஆள் கால் செய்வது எனக்கு வேண்டுமா, ஃபோல்ட் செய்வது வேண்டுமா? “இரண்டும் பரவாயில்லை” என்பதுதான் பதில் என்றால் பேசாமல் இருங்கள்.

படி 4: கால் செய்ய வைக்கும் பேச்சு

பேச்சால் வரும் பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. கையில் ஒரு ஜோடி இருந்தால் ஃபிளாப்பில் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில்) அதே எண்ணின் மூன்றாவது சீட்டு வருவது எட்டு ஒன்பது முறைக்கு ஒருமுறைதான். அப்படி அபூர்வமாக வரும் கை 10 வெள்ளியோடு முடிந்துபோனால் அந்த இரவே வீண்.

ஒரு கையை முழுதாகப் பார்ப்போம். ஈசூனில் ஒரு நாலறை வீடு, ஆறு பேர், பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் வைக்க வேண்டிய தொகை) 50 காசும் 1 வெள்ளியும். உங்கள் கையில் கிளாவர் 7, இஸ்பேட் 7. நீங்கள் 4 வெள்ளிக்கு ரெய்ஸ் செய்கிறீர்கள். பெரிய பிளைண்டில் இருக்கும் மாமா மட்டும் கால். நடுவில் 8.50 வெள்ளி. ஃபிளாப்: ஆட்டின் (ஹார்ட்) ஏஸ், டைமன் 7, கிளாவர் 2. மாமா செக் (பந்தயம் வைக்காமல் முறையை விட்டுவிடுகிறார்), நீங்கள் 4 வெள்ளி, அவர் கால். டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) இஸ்பேட் 9. செக், 10 வெள்ளி, கால். நடுவில் இப்போது 36.50. ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) டைமன் 4. மாமா மறுபடியும் செக்.

அவரிடம் அநேகமாக ஒரு ஏஸ் இருக்கிறது. பக்கத்துச் சீட்டு சுமாரானது. நீங்கள் 25 வெள்ளி வைக்கிறீர்கள். அவர் 25 கொடுத்தால் 61.50 ஜெயிக்கலாம். நூறு முறையில் 29 முறை நீங்கள் பிளஃப் செய்கிறீர்கள் என்று நம்பினாலே அவருக்குக் கால் செய்வது கட்டுப்படியாகும். ஆசையும் இருக்கிறது, கணக்கும் இடிக்கவில்லை. இல்லாதது ஒரு சாக்கு. அவர் சீட்டைத் தூக்கிப் பார்க்கிறார், கீழே வைக்கிறார்.

“மாமா, ஃபோல்ட் பண்ணிடுங்க. அந்த ஏஸ் போதாது.”

“நீ என் சீட்டைப் பாத்தியா?”

“பாக்கல. ஆனா தெரியும். அந்த இருபத்தஞ்சு வெள்ளிய எடுத்து வச்சு நாளைக்கு அத்தைக்கு மீன் வாங்கிக் குடுங்க.”

“பெரிய ஆளாயிட்டடா நீ. இந்தா, காட்டு!”

இங்கே நீங்கள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவருடைய ஏஸ் போதாது என்பது உண்மை. ஃபோல்ட் செய்தால் 25 வெள்ளி மிஞ்சும் என்பதும் உண்மை. ஆனால் வயதில் சின்னவன் பெரியவருக்குப் பணத்தைப் பத்திரப்படுத்தச் சொல்லிப் புத்தி சொல்கிறான். அது அவருக்குப் பொறுக்காது. இவன் என்னை ஓட்டப் பார்க்கிறான் என்று அவரே முடிவு கட்டிக்கொள்கிறார். திசைதிருப்பியது உங்கள் சொல்லைக் காட்டிலும் உங்கள் உறவுமுறை. இதே வாக்கியத்தை உங்கள் வயதுத் தோழனிடம் சொன்னால் பாதிகூட வேலை செய்யாது. அவனிடம் “தைரியம் இருந்தா கால் பண்ணு மச்சான்” என்று சொன்னாலும் அது பழகிப்போன பேச்சு. அவனுக்கு என்ன சொன்னால் உறைக்கும் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உண்மையைச் சொல்லி ஏமாற்றுவதில் பேர் போனவர் ஜேமி கோல்ட். 2006-இல் 8,773 பேர் ஆடிய உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 1.2 கோடி அமெரிக்க டாலர் வென்றவர். போட்டி முழுக்க ஓயாமல் பேசினார். பல சமயம் தன் கையில் இருப்பதை உள்ளபடியே சொன்னார். எதிராளிக்குத்தான் பாடு: இவர் இந்த முறை சொல்வது நிஜமா, போன முறை சொன்னது நிஜமா? எப்போதும் பொய் சொல்பவனின் பேச்சைத் தலைகீழாகத் திருப்பிப் படித்துவிடலாம். உண்மையும் பொய்யும் கலந்து பேசுபவனை அப்படிப் படிக்க முடியாது.

இன்னொரு கை, போக்கர் ஆடுபவர்கள் இன்றும் பேசிக்கொள்வது. 1998-இல் லாஸ் வேகஸில் அதே முதன்மைப் போட்டியின் இறுதி ஆட்டம். ஸ்காட்டி நுவென், கெவின் மெக்பிரைட் இருவர் மட்டும் மிச்சம். மேசையில் 8, 9, 9, 8, 8. பொதுச் சீட்டிலேயே ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னோர் எண்ணில் இரண்டு) விழுந்துவிட்டது. நுவென் கையில் ஒரு 9 இருந்தது, அதனால் அவருடைய ஃபுல் ஹவுஸ் பெரியது. மொத்தச் சிப்பையும் தள்ளிவிட்டு, நீ கால் செய்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று மெக்பிரைடிடம் சொன்னார். மெக்பிரைட் கையில் இருந்த இரண்டு சீட்டும் எதற்கும் உதவாதவை. பொதுச் சீட்டை வைத்தே ஆடினால் அதிகபட்சம் பணத்தைப் பாதியாகப் பிரிக்கலாம், ஜெயிக்க வழியே இல்லை. ஆனாலும் கால் செய்தார். பட்டமும் 10 லட்சம் டாலரும் நுவெனுக்குப் போயின. என் கணிப்பில், அங்கே வேலை செய்தது “முடிந்துவிடும்” என்ற அந்த ஒரு சொல். நாள்கணக்கில் ஆடி இறுதி வரை வந்த மனிதருக்கு அதைவிடக் கவர்ச்சியான சாக்கு எது?

சொல்லக் கூடாதவை: பெருமூச்சு, உதட்டுப் பிதுக்கல், “ஐயோ, கெட்டுப்போச்சு” என்ற புலம்பல். பலவீனமாக நடித்துக்கொண்டே பந்தயம் வைப்பவரிடம் பெரிய கை இருக்கும் என்பது அனுபவம் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

படி 5: ஃபோல்ட் செய்ய வைக்கும் பேச்சு

இது கடினம், அடிக்கடி முயலவும் கூடாது. முதலில் உங்கள் பந்தயங்கள் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஃபிளாப்பில் ராஜா விழுந்தது, நீங்கள் பந்தயம் வைத்தீர்கள், டர்னிலும் வைத்தீர்கள் என்றால், ராஜா வைத்திருக்கிறேன் என்ற கதை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. டர்னில் செக் செய்துவிட்டு ரிவரில் பாய்ந்தால், அதை எந்த வாய்ச் சாமர்த்தியமும் ஒட்டவைக்காது.

இந்தச் சந்தர்ப்பம் அதிகம் வருவது ஃபிளஷுக்குக் காத்திருந்து சீட்டு விழாதபோது. ஃபிளாப்பில் ஒரே ஜாதியில் நான்கு சீட்டு இருந்தால், ரிவருக்குள் ஐந்தாவது விழும் வாய்ப்பு ஏறக்குறைய 35 விழுக்காடு. அதாவது மூன்றில் இரண்டு முறை கையில் ஒன்றும் இல்லாமல் ரிவரில் நிற்பீர்கள். உதாரணத்துக்கு, உங்களிடம் இஸ்பேட் ஜாக்கியும் 10-உம். மேசையில் இஸ்பேட் ராஜா, இஸ்பேட் 8, டைமன் 3, கிளாவர் 5, ஆட்டின் 2. நடுவில் 30 வெள்ளி. எதிரில் வரவு செலவு பார்த்து ஆடும் அக்கா. அவரிடம் 8 ஜோடி இருக்கலாம் என்று உங்கள் கணிப்பு. 20 வெள்ளி வைக்கிறீர்கள். ஐந்தில் இரண்டு முறை அவர் ஃபோல்ட் செய்தாலே உங்களுக்கு நட்டமில்லை.

இப்போது மிரட்டாதீர்கள். ஒருவர் ஃபோல்ட் செய்யத் தயங்குவதற்குப் பணத்தைவிடப் பெரிய காரணம், “கடைசி வரைக்கும் என்ன வச்சிருந்தான்னே தெரியாம போயிடுமே” என்ற அரிப்பு. அந்த அரிப்பை நீங்களே தீர்த்து வையுங்கள்:

“அக்கா, நீங்க ஃபோல்ட் பண்ணா ஒரு சீட்டைக் காட்டுறேன். எந்தச் சீட்டுன்னு நீங்களே சொல்லுங்க.”

20 வெள்ளி கொடுத்து வாங்க வேண்டிய பதில் சும்மா கிடைக்கிறது. ஃபோல்ட் செய்வதற்கு அவருக்கு ஒரு கௌரவமான வழி திறந்துவிட்டது. அவர் ஃபோல்ட் செய்தால், சொன்னபடி கட்டாயம் காட்டுங்கள். ஜாக்கி வெளியே வரும், மேசை “ஓ!” என்று கத்தும், அக்காவுக்குக் கோபம் வரும். பரவாயில்லை. உங்கள் வாக்கு நிற்கும் என்பது பதிவாகிவிட்டது. அதோடு, நீங்கள் பிளஃப் செய்வீர்கள் என்பதும் பதிவாகிவிட்டது. அடுத்த பெரிய கையில் கால் செய்ய மாமாவுக்கு இந்த ஜாக்கியே சாக்கு. மாலையின் முதல் பாதியில் இப்படி ஒரு பிளஃபைக் காட்டிவிடுவது, படி 4-க்கு நீங்கள் கட்டும் முன்பணம்.

படி 6: கேள்வியால் பிடுங்குவது

சொல்வதைவிடக் கேட்பதில் ஆபத்து குறைவு. “ராணி ஜோடியா?”, “ஃபிளாப்புக்கு முன்னாடியே இருந்ததா, இப்பதான் வந்ததா?” கனடாவின் டேனியல் நெக்ரானு இதில் பெயர் பெற்றவர், எதிராளியோடு பேசிக்கொண்டே அவர் கையில் என்ன இருக்கும் என்று உரக்கக் கணிப்பார். எதிராளியின் பதிலில் சொல்லைவிட வேகத்தைக் கவனியுங்கள். வழக்கமாக நக்கலாகப் பதில் சொல்பவர் சட்டென்று ஊமையானால் அங்கே ஏதோ இருக்கிறது. அந்த “வழக்கமாக” தெரிய வேண்டுமென்றால், இதே கேள்வியை அவரிடம் முன்பே சிறிய கைகளில் கேட்டு, கடைசியில் சீட்டு திரும்பும்போது பார்த்திருக்க வேண்டும். ஒப்பிட ஒன்றும் இல்லாமல் ஒருவர் மூக்கைச் சொறிந்ததை வைத்து 40 வெள்ளிக் கால் செய்யாதீர்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்

திசைதிருப்புவதற்கும் மோசடிக்கும் நடுவில் கோடு தெளிவாகவே இருக்கிறது. உங்கள் கையைப் பற்றிப் பொய் சொல்லலாம். ஆட்டத்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. சீட்டைத் திறக்கும் நேரத்தில் “ஃபிளஷ்” என்று கத்தி, எதிராளி தன் சீட்டைத் தூக்கிப் போட்டதும் “அட, சரியா பாக்கல” என்று சிரிப்பது திருட்டு. யாருடைய முறை, எவ்வளவு பந்தயம், மிச்சம் எத்தனை சிப் என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், அல்லது எண்ணிப் பார்க்க விட வேண்டும்.

நீங்கள் ஃபோல்ட் செய்த கையைப் பற்றி, அந்தக் கை முடியும்வரை வாய் திறக்காதீர்கள். நீங்கள் தூக்கிப் போட்டது 9; ஃபிளாப்பில் இரண்டு 9 விழுந்ததும் தலையில் கை வைத்தால், இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் இருவரில் ஒருவருக்கு இலவசத் தகவல் கொடுத்துவிட்டீர்கள். மூன்று பேர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போது சீட்டைப் பற்றிப் பேசுவதும் இதே கணக்குதான். வீட்டில் சலுகை உண்டு. போட்டிகளில், ஆடும் கையையும் தூக்கிப் போட்ட கையையும் பற்றிப் பேசுவது, அடுத்தவருக்கு யோசனை சொல்வது இரண்டும் விதிப்படி தடை. அங்கே பேசுவதற்கு முன் அந்தப் போட்டியின் விதியைப் படித்துவிடுங்கள்.

மொழி விஷயம் நம் ஊருக்கு மிக முக்கியம். மேசையில் ஒரு சீன நண்பர் உட்கார்ந்திருக்கும்போது கை நடக்கையில் இரண்டு தமிழர்கள் தமிழில் பேசிக்கொண்டால், அது எவ்வளவு வெள்ளை மனப் பேச்சாக இருந்தாலும் கூட்டுக் களவு மாதிரிதான் தெரியும். எல்லோருக்கும் புரியும் மொழியில் மட்டும் பேசுவது என்று ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். போட்டிகளிலும் அனுமதித்த மொழியைத் தவிர வேறு பேசினால் எச்சரிக்கை வரும்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2016-இன் வில்லியம் கஸூஃப் உதாரணம். பிரிட்டனைச் சேர்ந்த இவர் முதன்மைப் போட்டியில் ஒவ்வொரு கைக்கும் நிமிடக்கணக்கில் பேசினார். 9-ஐவிடப் பெரிய சீட்டே இல்லாத கையோடு ஒருவரைப் பேசியே ஃபோல்ட் செய்ய வைத்தார். ஆனால் சீண்டல் எல்லை தாண்டியதால் தண்டனை வாங்கினார், மேசையே அவருக்கு எதிராகத் திரும்பியது. கடைசியில் அவருடைய ராஜா ஜோடி கிரிஃபின் பெங்கரின் ஏஸ் ஜோடியிடம் விழுந்து 17-ஆம் இடத்தில் வெளியேறினார். அவர் திறமைசாலி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வீட்டு மேசையில் அப்படிப் பேசுபவரை அடுத்த மாதம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

உங்கள் மேல் பேச்சு வந்தால்

பதில் சொல்லாதீர்கள். சிப்பைப் பாருங்கள், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், ஃபிளாப்பிலிருந்து அவர் வைத்த தொகைகளை வரிசையாக நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அந்தத் தொகைகள் ஒரு கதையும் வாய் இன்னொரு கதையும் சொன்னால், தொகையை நம்புங்கள். அவர் பேசியதால் உங்களுக்குக் கால் செய்யும் ஆசை கூடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். கூடினால், அவர் பேசியது அதற்காகத்தான்.

படி 7: வீட்டுக்குப் போகும் வழியில் எழுதிவையுங்கள்

எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்ததும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். முழுக் கையையும் எழுத வேண்டாம். யார், என்ன சொன்னார், பிறகு என்ன காட்டினார், அவ்வளவுதான். “மாமா: ‘விடுடா’ என்றார், கால் செய்தார், ஏஸ்-9.” “அக்கா: சிப்பை இரண்டு முறை எண்ணினார், ஃபோல்ட்.” “தம்பி: எதுவும் பேசவில்லை, ரெய்ஸ், ஜோடி 8.” உங்களைப் பற்றியும் ஒரு வரி: எந்த வாக்கியத்தைச் சொன்னீர்கள், அப்போது கையில் என்ன இருந்தது, அதை மேசை பார்த்ததா. நான்கைந்து ஆட்டங்கள் கழிந்ததும் படித்துப் பாருங்கள். மிரட்டும் வாக்கியம் ஐந்து முறை வந்து, ஐந்து முறையும் பெரிய கையே வெளிப்பட்டிருந்தால், அடுத்த முறை அதை முதலில் ஒரு பிளஃபோடு சொல்லுங்கள்.